தாகத்துக்கும் ஏழுக்கும் நடுவே: பெரூஜா நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரோமிலிருந்து ஃபொலிஞோ வரை ஒரு ரயில், அங்கே மாறி இன்னொரு ரயில். பெரூஜா ஸ்டேஷனில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் ஊர் தலைக்கு மேலே இருக்கிறது. ஸ்டேஷன் பள்ளத்தில், பழைய ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 490 மீட்டர் உயரத்தில், குன்றின் முதுகில். மேலே போக மினிமெட்ரோ இருக்கிறது. 2008-இல் ஓடத் தொடங்கிய, ஓட்டுநர் இல்லாத சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்று போன கையோடு அடுத்தது வந்து நிற்கிறது. மேலே வந்து இறங்கினால் சக்கரம் வைத்த பெட்டிக்கு வேலை இல்லை. எல்லாம் படி, கல் பாவிய சந்து, மறுபடி படி.

தங்கும் அறை கோர்சோ கரிபால்தி என்ற நீண்ட ஏற்றச் சாலையில், மூன்றாவது மாடி. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பெட்டியின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார், தடுக்க என்னிடம் வார்த்தை இல்லை.

ஏன் இத்தாலி மொழி, அதுவும் இந்த வயதில் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். நான் திருச்சிக்காரி. 27 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவள். சின்ன வயதில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சிக்கு, அடைக்கல மாதா கோயிலுக்கு, பாட்டி கூட்டிப் போவார். அந்தக் கோயிலோடு சேர்ந்த பெயர் வீரமாமுனிவர். 1680-இல் வட இத்தாலியில், மாந்துவா பக்கம் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த கொஸ்தான்ஸோ பெஸ்கி. முப்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்து, நம் எழுத்தையும் யாப்பையும் அகராதியையும் கையிலெடுத்தவர். அவர் இலக்கணத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: எந்தக் காதோடு அவர் தமிழைக் கேட்டார்? அந்தக் காது எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள, அவர் வந்த திசைக்கு எதிர்த்திசையில் வந்திருக்கிறேன். அவருக்கு 30, எனக்கு 52.

ஆகஸ்ட் 4, திங்கள்

வகுப்பு நடக்கும் இடம் கலெங்கா மாளிகை, பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் இதில்தான் இருக்கிறது. 1921-இல் அஸ்தோர்ரே லுபத்தெல்லி என்ற இந்த ஊர் வழக்கறிஞர் தொடங்கிய பண்பாட்டு வகுப்புகள், 1925-இல் பல்கலைக்கழகமாயின. அயல்நாட்டவருக்கு இத்தாலி மொழி சொல்லிக்கொடுப்பதற்கென்றே நூறாண்டாக ஒரு நிறுவனம்! நம் மொழிக்கு இப்படி ஒன்று, ஒரு மலையூரில், கோடை வகுப்போடு இருந்தால் எப்படி இருக்கும் என்று காலையிலேயே மனம் கிடந்து தவித்தது.

மாளிகை வாசலில் நின்றால் எதிரே எத்ருஸ்கன் வளைவு. ரோமர்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் கட்டிய கோட்டை வாசல், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாந்து இல்லாமல் அடுக்கிய கல். வளைவின் மேல் 'அவுகுஸ்தா பெரூசியா' என்று லத்தீனில் செதுக்கியிருக்கிறது. கி.மு. 41-40 குளிர்காலத்தில் ஒக்தாவியன் இந்த ஊரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டார். ஊர் எரிந்து சாம்பலானது. பிற்பாடு அதே மனிதர் அகஸ்டஸ் பேரரசராகி, ஊரைத் திரும்பக் கட்டவிட்டு, வாசலில் தன் பெயரைப் போட்டுவிட்டார். நான் இந்த நாட்குறிப்பின் தலையில் எழுதுகிற மாதமும் அவர் பெயர்தான்.

தேர்வு எழுதினோம். இருப்பதிலேயே கீழ் வகுப்பில் என்னைப் போட்டார்கள். பதினான்கு பேர். என் பக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாட்டுக்காரப் பெண், ஓபராவுக்காக மொழி படிக்கிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றைய நாளை விரிவாக எழுத வேண்டும்.

காலையில் ஆசிரியை பலகையில் இரட்டைச் சொற்களாக எழுதினார். பாலா என்றால் மண்வெட்டி, பல்லா என்றால் பந்து. காஸா வீடு, கஸ்ஸா பெட்டி. நோனோ ஒன்பதாவது, நொன்னோ தாத்தா. வகுப்பில் பாதிப் பேருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசமே காதில் விழவில்லை. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் தாத்தாவை ஒன்பதாவது ஆளாக்கினார்கள். என் முறை வந்தது. சொன்னேன். ஆசிரியை நிமிர்ந்து பார்த்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். இந்த ஒலியை எங்கே கற்றாய் என்றார்.

எங்கே கற்றேன்? பலி, பல்லி; கனி, கன்னி என்று ஒற்று விழுந்தால் பொருள் மாறும் மொழியில் பிறந்தேன். ஒற்றில் நின்று, அழுத்தி, பிறகு உயிருக்குப் போவது நமக்கு மூச்சு மாதிரி. இன்னொன்றும் கவனித்தேன். ஒற்று ஒன்றாக இருக்கும்போது அதற்கு முந்தைய உயிரை இவர்கள் நீட்டுகிறார்கள், இரட்டித்தால் குறுக்குகிறார்கள். 'பா-லா', 'பல்-லா'. குறிலும் நெடிலும்! எழுத்தில் காட்டுவதில்லை, வாயில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்துக் காட்டும் வடிவத்தை வீரமாமுனிவர் கொடுத்தார் என்று பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் சொல்லியிருப்பேன். குறில் நெடிலை வாயிலேயே வைத்துக்கொண்டு வந்தவருக்கு, ஓலையில் அது தெளிவில்லாமல் இருந்தது உறுத்தியிருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் இன்று காலை அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது ஊகமாகத் தோன்றவில்லை.

மதியம் அதே ஒலி என்னைக் கைவிட்டது.

ஏழுக்கு ஸெத்தே. சொன்னேன், சரி. தாகத்துக்கு ஒற்றைத் தகரம். சொன்னேன், ஆசிரியை தலையசைத்தார்: நீ சொன்னது தாகம் இல்லை, இருப்பிடம். ஒரு நிறுவனத்தின் தலைமையகத்துக்குச் சொல்லும் சொல். மறுபடி சொன்னேன். மறுபடியும் இருப்பிடம். அழுத்திச் சொன்னால் ஏழு ஆகிவிடுகிறது. தாகம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் அறையில் உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக வரும் வல்லெழுத்து தானாக மெலிந்துவிடும். 'பத்து' என்பதில் உள்ள தகரம் வேறு, 'பதில்' என்பதில் உள்ளது வேறு; எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. வல்லொலி வேண்டுமென்றால் நாம் இரட்டிக்க வேண்டும். இவர்களுக்கோ மெலிந்தது, ஒற்றை வல்லொலி, இரட்டை வல்லொலி மூன்றும் தனித்தனி. நடுவில் இருப்பது நம்மிடம் இல்லை. இங்கே தமிழில் எழுதிக் காட்டலாம் என்று பார்த்தால், தாகத்துக்கும் இருப்பிடத்துக்கும் 'ஸேதெ' என்று ஒரே எழுத்துத்தான் வருகிறது.

கைக்கண்ணாடியை வாய்க்கு முன் பிடித்து, தொண்டையில் இரண்டு விரலை வைத்து, அதிராமல், ஆனால் நிற்காமல் ஒரு தகரம் சொல்லிப் பார்க்கிறேன். நாற்பது ஐம்பது தடவைக்கு ஒன்று விழுகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

'மி பியாச்சே'. எனக்குப் பிடிக்கிறது. மற்றவர்கள் 'நான் விரும்புகிறேன்' என்று தொடங்கித் தடுமாறுகிறார்கள். எனக்கு எடுத்தவுடன் வந்துவிட்டது, நாலாம் வேற்றுமை நம் வீட்டுச் சாமான். தலைவலிக்கும் அப்படியே: 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று நாம் சொல்லும் வரிசை இவர்களிடமும் இருக்கிறது. இந்த ஊர் வாயில் பியாச்சே 'பியாஷே' என்று நழுவுகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இங்கே ரொட்டியில் உப்பு இல்லை. மறந்துபோய்ப் போடாமல் விட்டது போல் இருக்கிறது. கேட்டால் எல்லாரும் ஒரே கதை சொல்கிறார்கள். 1540-இல் போப் மூன்றாம் பவுல் உப்புக்கு வரியை ஏற்றினார். பெரூஜா எதிர்த்து எழுந்தது, தோற்றது. அன்றிலிருந்து வீம்புக்கு உப்பில்லாமல் ரொட்டி சுடுகிறோம் என்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் பலர் ரொட்டிக் கதையை ஏற்பதில்லை. ஆனால் போர் உண்மை, அதற்கு ஊர் கொடுத்த விலையும் உண்மை.

விலையைப் பார்க்க ரோக்கா பாவோலினாவுக்குப் போனேன். ஜெயித்த போப், ஊரை ஆண்ட பால்யோனி குடும்பத்தின் தெருவையே மூடி, வீடுகளை அடித்தளமாக வைத்து, மேலே கோட்டை கட்டினார். இத்தாலி ஒன்றான காலத்தில் ஊர்க்காரர்கள் அந்தக் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். கீழே புதைந்த தெரு மிச்சம். இப்போது அதன் நடுவே எஸ்கலேட்டர் ஓடுகிறது. கீழ் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் அதில் ஏறி, கூரை போட்ட அந்த இருட்டுத் தெருவைக் கடந்து, மேலே வெளிச்சத்துக்கு வருகிறார்கள். காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி, யாரோ ஒருவரின் வீட்டு வாசலாக இருந்த வளைவைத் திரும்பியும் பார்க்காமல் போனார். நான் அந்த வாசற்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். கை ஜில்லென்றது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அசிசி. ரயிலில் அரை மணிகூட இல்லை.

புனித பிரான்சிஸ் 1226-இல் இறந்தார். இரண்டே ஆண்டில் அவர் பெயரில் பெருங்கோயில் எழத் தொடங்கிவிட்டது. 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் மேலடுக்குக் கோயிலின் கூரை இடிந்து நால்வர் இறந்தார்கள். விழுந்த ஓவியத்தைத் துண்டு துண்டாகப் பொறுக்கித் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். ஒட்ட முடியாத இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. நிமிர்ந்து அந்த வெற்றிடங்களையே அதிக நேரம் பார்த்தேன்.

நான் போனது ஓவியத்துக்காக இல்லை. ஒரு பாட்டுக்காக. கண் பார்வை மங்கி, நோயில் கிடந்த பிரான்சிஸ், 1225 வாக்கில், படைப்புகளின் பெயரால் கடவுளைப் புகழும் ஒரு பாட்டைச் சொன்னார். இந்த ஆண்டோடு 800 வருடம். லத்தீனில் சொல்லாமல் ஊர்ப்பேச்சில், இந்தப் பகுதியான உம்பிரியாவின் பேச்சில் சொன்னார். இத்தாலியின் பெருங்கவி தாந்தே பிறக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. இத்தாலி மொழி இலக்கியத்தின் தொடக்கத்தில் இந்தப் பாட்டை வைக்கிறார்கள். அதன் மிகப் பழைய ஏட்டுப் பிரதி இந்த மடத்தில்தான் இருக்கிறது.

அதில் சூரியன் அண்ணன், நிலா அக்கா, காற்று அண்ணன், தண்ணீர் அக்கா, நெருப்பு அண்ணன். மண் அக்காவும் அம்மாவும். கடைசியில் சாவும் ஓர் அக்கா. ஒரு வாரமாக மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால் என்று மனப்பாடம் செய்து அலுத்திருந்தேன். உயிரில்லாத பொருளுக்கு எதற்குப் பால், அஃறிணை என்று ஒன்றை வைத்தால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்து அந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்தபோது தலையில் ஏறியது: சூரியன் அவர்கள் மொழியில் ஆண்பால், அதனால் அண்ணன். நிலா பெண்பால், அதனால் அக்கா. இலக்கணம் கொடுத்த பாலை அந்த மனிதர் உறவாக்கிவிட்டார். அவர் தமிழ் பேசியிருந்தால் இந்தப் பாட்டு வேறு விதமாகத்தான் பிறந்திருக்கும். மலையிலிருந்து இறங்கும்போது பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் பால் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒலிவ மரம் ஆண். வழி பெண். நிழல் பெண்.

இரவு சான் லொரென்ஸோ. எரிநட்சத்திரம் பார்க்கும் இரவு. வீட்டுக்கார அம்மா விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலில் நாற்காலி போட்டார். இரண்டு கண்டோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஊர் நடுவில் இருக்கும் பெரிய நீரூற்றுக்கு வகுப்பையே கூட்டிப் போனார்கள். 1278-இல் முடித்தது; நிக்கோலா பிசானோவும் அவர் மகன் ஜொவான்னியும் செதுக்கியது. கீழ்த்தொட்டிக்கு 25 பக்கம், பக்கத்துக்கு இரண்டாக 50 புடைப்புச் சிற்பங்கள். மாதத்துக்கு மாதம் குடியானவன் செய்யும் வேலை: அறுப்பு, கதிரடிப்பு, திராட்சை மிதிப்பது, டிசம்பரில் பன்றி. மலையூருக்குத் தண்ணீர் வருவதே அன்று பெரிய காரியம். எதிர் மலையிலிருந்து வளைவுப் பாலம் கட்டி இந்த ஊற்றுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாலத்தின் முதுகில்தான் இப்போது மாணவர்கள் வகுப்புக்கு நடக்கிறார்கள்.

அந்த ஐம்பதில் ஏழு கலைகளும் உண்டு. முதல் கலை இலக்கணம். ஒரு பெண், அவள் முன்னால் புத்தகத்தோடு ஒரு பையன். தமிழ் இலக்கணம் நடத்தியே காலம் கழித்தவளுக்கு, 750 ஆண்டுக் கல்லில் அவளைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கும்பிட்டேன். ஜப்பான் பெண்ணும் சேர்ந்து தலை குனிந்தாள்.

அங்கேயே இறந்தகாலப் பயிற்சி. எங்கே பிறந்தாய், சொல். 'நாதோ' என்பான் ஆண், 'நாதா' என்பாள் பெண். தமிழில் அவன் வந்தான், அவள் வந்தாள் என்று மூன்றாம் ஆளுக்குத்தான் பால் காட்டுவோம். 'நான் பிறந்தேன்' என்று எழுதிவிட்டால் அதற்குப் பின்னால் ஆணா பெண்ணா, யாருக்கும் தெரியாது. இங்கே என் வாயாலேயே, வினைமுற்றிலேயே, பெண் என்று சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பிறந்தேன், போனேன், வந்தேன், ஏறினேன், விழுந்தேன், எல்லாவற்றிலும். முதலில் கூச்சமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அதில் ஒரு தெம்பு வந்திருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஃபெர்ரகோஸ்தோ. அகஸ்டஸ் கி.மு. 18-இல் கொடுத்த விடுமுறையின் மிச்சம். மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் இதே நாள். கடைகள் எல்லாம் பூட்டு. பஸ் இருக்கிறதா இல்லையா தெரியாமல் நிற்க வேண்டாம் என்று வீட்டுக்கார அம்மா தன் தம்பி வீட்டுக்கு, ஊருக்கு வெளியே, என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

அங்கே பார்த்தது தோர்த்தா அல் தெஸ்தோ. தெஸ்தோ என்பது வட்டமான கனத்த கல். இப்போது வார்ப்பிரும்பிலும் வருகிறது. நம் தோசைக்கல்லின் தடித்த அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவு, தண்ணீர், துளி ஒலிவ எண்ணெய், சமையல் சோடா. பிசைந்து மூடி வைத்துவிட்டு, விரல் தடிமனுக்குத் தேய்த்தார்கள். கல் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தூவினார் அம்மா. மாவு உடனே கருகியது. தலையாட்டிவிட்டு நெருப்பை விலக்கினார். இரண்டாவது சிட்டிகை மெல்லப் பொன்னிறமானது. அப்புறம்தான் ரொட்டி கல்லில் விழுந்தது. தண்ணீர் தெளித்து 'சொய்' என்ற சத்தத்தில் நாம் பார்ப்பதை இவர்கள் மாவின் நிறத்தில் பார்க்கிறார்கள். முள்கரண்டியால் அங்கங்கே குத்தி, திருப்பி, முக்கோணமாக வெட்டி, நடுவே பிளந்து, வதக்கிய கீரையை வைத்துக் கொடுத்தார்கள். குப்பியோ பக்கம் இதற்கே வேறு பெயராம்.

சாப்பாட்டு மேசையில் பதினொரு பேர். ஒரு சொல் புரியவில்லை எனக்கு. பன்னிரண்டு நாள் படித்தது எங்கே போனது என்று பதறிவிட்டேன். பிறகு தெரிந்தது, அவர்கள் பேசியது ஊர்ப்பேச்சு. என் பக்கம் திரும்பும்போது மட்டும் பள்ளிக்கூட மொழிக்கு மாறினார்கள். 1861-இல் இத்தாலி ஒன்றானபோது நாட்டில் நூற்றுக்கு இரண்டரைப் பேருக்குத்தான் இத்தாலி மொழி பேசத் தெரியும் என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் கணக்கு. மற்றவர்கள் எல்லாரும் அவரவர் ஊர்ப்பேச்சில் பிறந்து அதிலேயே செத்தவர்கள்.

வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்று, கொடுந்தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியே இலக்கணம் எழுதினார். பேச்சுத் தமிழுக்கு ஒருவர் உட்கார்ந்து இலக்கணம் எழுதியதை அதிசயமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது அதிசயம் போய்விட்டது, மரியாதை கூடியது. வீட்டில் ஒன்று, ஏட்டில் ஒன்று என்று வளர்ந்த நாட்டிலிருந்து வந்தவர் அவர். தமிழிலும் இரண்டு இருப்பதை உடனே கேட்டிருப்பார். இரண்டில் எதையும் மட்டம் என்று ஒதுக்காமல் எழுதி வைத்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீட்டில் ஒரு சிக்கல், இரண்டு வாரமாக. அம்மா என்னை 'தூ' போடச் சொல்கிறார். தூ என்றால் நீ. மரியாதைக்கு 'லேய்'. அதன் நேர்ப்பொருள் 'அவள்'. ஆணைக் கூப்பிட்டாலும் அவள்தான். பழைய காலத்தில் 'தங்கள் மேன்மை' என்று சொன்ன சொல் பெண்பால், அதிலிருந்து வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு லேய் போட்டால் தள்ளி நிற்பதாக இருக்கிறது என்கிறார் அம்மா. எழுபத்தெட்டு வயதுக்காரரை நீ என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. வாக்கியத்தையே சுற்றி வளைத்து, ஆளைச் சொல்லாமல் பேசிச் சமாளித்தேன்.

இன்று அதை இருக்கிற மொழியை வைத்து அவருக்கு விளக்கினேன். எங்கள் ஊரில் அம்மாவை நீ என்போம், மாமியாரை நீங்கள் என்போம். நீங்கள் என்பது பன்மை. ஒருவரைப் பலராகக் கூப்பிடுவது.

அம்மா கையிலிருந்த பீன்ஸை வைத்துவிட்டார். தானும் அப்படித்தான் கூப்பிட்டேன் என்றார். பத்தொன்பது வயதில், விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாராம். மாமியார் சாகும்வரை 'வோய்'. அதுவும் பன்மைதான், அப்படியே நம் நீங்கள். முசோலினி ஆட்சி 1938-இல் லேய் வேண்டாம், எல்லாரும் வோய் சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டது; அதனால் போருக்குப் பிறகு படித்தவர்கள் அந்தச் சொல்லையே ஒதுக்கினார்கள். எங்கள் பாடப்புத்தகத்திலும் ஒரு வரிதான் அதற்கு. ஆனால் கிராமத்து வோய் உத்தரவில் வந்ததல்ல, அதற்கு வெகுகாலம் முந்தியது.

அப்படியானால் எனக்கும் வோய் போடு என்றார் அம்மா. இந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டு நாற்பது வருடம் இருக்கும் என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வகுப்பில் மறந்துபோய் ஆசிரியையிடம் வோய் போட்டுவிட்டேன். திருத்தினார். யாரிடம் கற்றாய் என்று கேட்டு, கதையைச் சொன்னதும், வீட்டில் அப்படியே வைத்துக்கொள், தேர்வில் மட்டும் லேய் எழுது என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தேர்வு முடிந்தது. சான்றிதழ் கையில். எழுத்து நன்றாக, பேச்சு பரவாயில்லை.

காலையில் வளைவைத் தாண்டி இருக்கும் காபிக் கடையில் நின்றபடி ஒரு காபி, இங்கே யாரும் உட்கார்ந்து குடிப்பதில்லை. பிறகு தாகம் என்று சொல்லித் தண்ணீர் கேட்டேன். கடைக்காரர் தண்ணீர் ஊற்றினார். அது சரியாகச் சொன்னதாலா, காபி குடித்தவள் வேறு எதைக் கேட்பாள் என்பதாலா, தெரியவில்லை. தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

மினிமெட்ரோ வரை அம்மா வந்தார். பையில் கீரை வைத்த தோர்த்தா, இரண்டாகச் சுற்றியது. பெட்டி வந்து கதவு திறந்தது. 'ஸ்க்ரிவேதெமி' என்றார். எழுதுங்கள் எனக்கு. தூ போட்டிருந்தால் 'ஸ்க்ரீவிமி' என்றிருக்க வேண்டும். இருபத்தாறு வயது இளையவளுக்கு அவர் வோய் போட்டிருக்கிறார் என்று எனக்கு உறைப்பதற்குள் கதவு மூடிவிட்டது.